ஆட்டுக்காரன் கதைதானே என்று மூடி வைத்தவர்களுக்கு: ஹார்டியின் நாவலுக்குள் நுழைய ஒரு முழுமையான வழிகாட்டி

அக்கா மகள் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்த சமயம். மறுநாள் பரீட்சை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடித்த புத்தகத்தோடு வந்து நின்றாள். "மாமா, இதுல ஒருத்தன் ஆட்டு வயித்துல குத்துறான். ஆடு பொழைச்சு எந்திரிச்சுப் போகுது. எப்படி மாமா?"

அட்டையைப் பார்த்ததும் எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. தாமஸ் ஹார்டியின் 'ஃபார் ஃப்ரம் த மேடிங் கிரவுட்'. 1874-ல் வந்த நாவல். நான் படித்த காலத்திலும் அது பாடம்தான். மூன்று முறை ஆரம்பித்து, மூன்று முறையும் முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியாமல், கைடு வாங்கிப் பாஸ் செய்தவன் நான். கதாநாயகன் எப்படிச் சிரிப்பான், என்ன கோட்டு போடுவான், அவன் பூட்ஸ் எத்தனை பெரிது என்று பக்கம் பக்கமாகப் போகும். ஆடு மேய்ப்பவன் கதைக்கு இத்தனை அலட்டலா என்று மூடி வைத்தேன்.

அன்றைக்கு அவளுக்காக அவள் காட்டிய 21ஆம் அத்தியாயத்தை மட்டும் வாசித்தேன். விளக்கிச் சொல்லி அவளைத் தூங்க அனுப்பிவிட்டு, சும்மா 22ஐயும் பார்த்தேன். பிறகு முதல் பக்கத்துக்குப் போனேன். பத்து நாளில் 57 அத்தியாயங்களும் முடிந்துவிட்டன. எந்தப் பக்கங்களுக்குப் பயந்து இத்தனை வருஷம் ஒதுக்கி வைத்தேனோ, அந்த ஆட்டுப் பக்கங்கள்தான் புத்தகத்தின் உயிர் என்று அப்போதுதான் புரிந்தது.

இதைக் கையில் கொடுப்பவர்கள் எல்லோரும் காதல் கதை என்று சொல்லியே கொடுக்கிறார்கள். ஒரு பெண், அவளைச் சுற்றி மூன்று ஆண்கள். அந்த எதிர்பார்ப்போடு போனால் ஆடு, புல், கதிர்ப்போர் எல்லாம் நடுவில் வந்து மறிப்பதுபோல் இருக்கும். வேலையைப் பற்றிய நாவல் என்று எடுத்துக்கொண்டு பாருங்கள். யார் யாரை எவ்வளவு நேசிக்கிறார்கள் என்பது, மழை வரும்போது போரை மூட யார் ஓடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. கீழே வரும் படிகள் எல்லாம் அந்த ஒரு பார்வையை வைத்துப் போட்டவை. முடிவை நான் சொல்லப் போவதில்லை. பாதிக் கதை வரை சில விஷயங்கள் வெளியே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நடுவிலிருந்து ருசி பாருங்கள்

முதல் பக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். 21ஆம் அத்தியாயத்தைத் திறங்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: பாத்ஷீபா எவர்டீன் என்ற இளம் பெண், சித்தப்பா விட்டுப்போன பண்ணையைத் தானே நடத்துகிறாள். அவளிடம் ஆட்டு மேய்ப்பனாக வேலை பார்ப்பவன் கேப்ரியல் ஓக். ஒரு காலத்தில் சொந்தமாக மந்தை வைத்திருந்தவன். அப்போது அவளைப் பெண் கேட்டு, அவள் மறுத்துவிட்டாள். முந்தின நாள் அவன் அவளுடைய நடத்தையைப் பற்றி முகத்துக்கு நேராக ஒரு உண்மையைச் சொன்னான். அவள் வேலையை விட்டுத் துரத்திவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை. பண்ணை ஆட்கள் மூச்சிரைக்க ஓடி வருகிறார்கள். ஒருவன் அறுபது என்கிறான், இன்னொருவன் எழுபது என்கிறான், மூன்றாமவன் ஐம்பத்தொன்பது என்கிறான். எண்ணிக்கைதான் வருகிறது, விஷயம் வரவில்லை. கடைசியில் தெரிகிறது: வேலியை உடைத்துக்கொண்டு ஆடுகள் இளம் குளோவர் தழைக்குள் புகுந்து மேய்ந்துவிட்டன. வயிறு ஊதிச் செத்துக்கொண்டிருக்கின்றன. காப்பாற்றத் தெரிந்தவன் வட்டாரத்திலேயே ஒருவன்தான். நேற்று அவள் துரத்திய அதே ஆள்.

கூப்பிட மாட்டேன் என்கிறாள். ஒரு ஆடு துள்ளிக் குதித்து, விழுந்து, அசையாமல் கிடக்கிறது. ஆள் அனுப்புகிறாள். குதிரையில் போனவன் திரும்பி வந்து, பிச்சை கேட்பவர் அதிகாரம் பண்ணக்கூடாது, மரியாதையாகக் கேட்டால்தான் வருவானாம் என்கிறான். அவள் கோபத்தில் அழுகிறாள். பிறகு ஒரு சீட்டு எழுதுகிறாள். மரியாதையாகத்தான் எழுதுகிறாள், ஆனால் மடிப்பதற்கு முன் அடியில் ஒரு வரி சேர்க்கிறாள்: என்னைக் கைவிட்டுவிடாதே, கேப்ரியல்.

அவன் வருகிறான். நடுவில் கத்தி செருகிய ஒரு சிறு குழாயை எடுக்கிறான். ஆட்டின் இடப்பக்கம் விலாவுக்குப் பின்னால் கையால் தடவி இடம் பார்த்து, குத்தி, கத்தியை மட்டும் உருவிவிட்டுக் குழாயை விடுகிறான். அடைபட்ட காற்று சீறிக்கொண்டு வெளியேறுகிறது. ஈரமான இளம் தழையை வெறும் வயிற்றில் மேய்ந்தால் அசைபோடும் பிராணிகளுக்கு இரைப்பையில் காற்று நுரைத்து அடைத்துக்கொள்ளும். உப்புசம் கூடினால் மூச்சு முட்டிச் சாகும். நம்மூர்க் கால்நடை மருத்துவரும் கைமீறிப் போன நேரத்தில் இதே கருவியைத்தான் எடுப்பார்.

ஹார்டி கணக்கு எழுதுகிறார்: மொத்தம் 57 ஆடுகள். 49 பிழைத்தன. ஒன்றில் குறி தப்பி அது செத்தது. நான்கு அவன் வருவதற்கு முன்பே போய்விட்டன. மூன்று தானாகவே தேறிவிட்டன. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். (புத்தகத்தின் அத்தியாயங்களும் 57. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.) காதலைச் சொல்லும் இடத்தில் இத்தனை கறாரான கணக்கு வைக்கும் எழுத்தாளரை நான் அதற்கு முன் வாசித்ததில்லை.

இந்த அத்தியாயம் உங்களைப் பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை நிம்மதியாகத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிடித்தால் முதல் பக்கத்துக்கு வாருங்கள்.

படி 2: பிரதி

காப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது. குட்டன்பர்க் தளத்தில் மின்நூலும், லிப்ரிவாக்ஸில் ஒலிநூலும் இலவசம். அச்சுப் புத்தகம் வாங்கினால் பழைய புத்தகக் கடையே போதும். சுருக்கப் பதிப்பு மட்டும் வேண்டாம். சுருக்குகிறவர்களின் கத்தி முதலில் ஆட்டின் மேல்தான் விழும். முன்னுரையைக் கடைசியில் வாசியுங்கள். பேராசிரியர்கள் முன்னுரையின் இரண்டாவது பக்கத்திலேயே முடிவைப் போட்டு உடைத்துவிடுவார்கள்.

படி 3: தலைப்பை நம்பாதீர்கள்

'மேடிங்' என்றால் வெறிபிடித்து அலைகிற என்று பொருள். தாமஸ் கிரே 1751-ல் வெளியிட்ட, கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றிய இரங்கற்பாவில் வரும் சொற்கள் இவை. வெறிகொண்ட கூட்டத்தின் சச்சரவுக்குத் தொலைவில் வாழ்ந்து மறைந்தவர்களைப் பற்றி அவர் பாடினார். அதை நம்பி அமைதியான கிராமத்துக் கதை என்று உள்ளே போனால் தீ, இடி, சவப்பெட்டி, துப்பாக்கி என்று வரிசையாக வரும். ஹார்டி குசும்பாகத்தான் இந்தப் பெயரை வைத்தார் என்று நினைக்கிறேன்.

படி 4: முதல் ஐந்து அத்தியாயங்களை ஒரே அமர்வில் முடியுங்கள்

நாவல் 1874 ஜனவரி முதல் டிசம்பர் வரை 'கார்ன்ஹில்' என்ற லண்டன் மாத இதழில் பன்னிரண்டு மாதத் தொடராக வந்தது. அதாவது ஒரு தவணைக்குச் சுமார் ஐந்து அத்தியாயம். தொடர்கதை படித்துப் பழகிய நமக்கு அந்த அளவு கைக்கு அடங்கும். ஒரு அத்தியாயம் படித்துவிட்டு மூடினால் எனக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேரும். ஏனென்றால் முதல் அத்தியாயம் சுதி சேர்ப்பது மட்டும்தான், பாட்டு இன்னும் தொடங்கவில்லை.

அந்த முதல் அத்தியாயத்தை வேகமாகப் போகவிடுங்கள். ஒரே ஒரு பொருளில் மட்டும் நின்று பாருங்கள்: ஓக்கின் பைக்கடிகாரம். அவன் தாத்தாவை விட மூத்தது. சின்ன முள் அச்சில் நழுவும். நிமிஷம் துல்லியமாகக் காட்டும். அது எந்த மணியின் நிமிஷம் என்றுதான் யாருக்கும் தெரியாது. அதனால் அவன் அக்கம்பக்கத்து வீட்டு ஜன்னலில் மூக்கை ஒட்டி அவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பான், இல்லாவிட்டால் நட்சத்திரத்தைப் பார்ப்பான். இரண்டாம் அத்தியாயத்தில் டிசம்பர் நள்ளிரவில், குன்றின் மேல், அந்த நட்சத்திரங்கள் வருகின்றன. தெளிந்த இரவில் குன்றில் தனியாக நிற்பவனுக்குப் பூமி கிழக்கே உருளுவது உடம்பில் தெரியும் என்கிறார் ஹார்டி. அந்தப் பத்தியை மட்டும் இரண்டு முறை வாசியுங்கள். மொட்டை மாடியில் வாசித்தால் இன்னும் நல்லது.

நான்காம் அத்தியாயத்தில் பெண் கேட்கப் போகிறான். கையில் ஒரு ஆட்டுக்குட்டி. இருக்கிற எண்ணெயை எல்லாம் தலையில் தேய்த்ததில், சுருள் முடி பறவை எச்ச உரத்துக்கும் ரோமன் சிமெண்டுக்கும் இடைப்பட்ட ஒரு புது நிறத்துக்கு வந்துவிட்டதாம். அவள் பதில் அதைவிட: கல்யாணப் பெண்ணாக நிற்க ஆசைதான், புருஷன் இல்லாமல் நிற்க முடியுமானால்! இந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை என்றால் நீங்கள் ரொம்ப மரியாதையோடு வாசிக்கிறீர்கள் என்று அர்த்தம். மகா இலக்கியம் என்ற பயபக்தியைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி வாசியுங்கள்.

ஐந்தாவதில் அடி விழுகிறது. ஓக்கிடம் இரண்டு நாய்கள். கிழட்டு நாய்க்கு வேலை தெரியும். குட்டி நாய்க்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: ஆட்டைத் துரத்தினால் எசமானுக்குச் சந்தோஷம். ஒரு இரவு அது 200 ஆடுகளையும் துரத்திக்கொண்டே போய்ச் சுண்ணாம்புக் கல் குழிக்குள் தள்ளிவிடுகிறது. எல்லாம் சினை ஆடுகள். காப்பீடு இல்லை. கடனில் வாங்கியவை. விடியலில் குழியின் விளிம்பில் நிற்கும் ஓக், முதலில் அந்த ஆடுகளுக்காகவும் பிறக்காத குட்டிகளுக்காகவும் வருந்துகிறான். தன் நஷ்டம் அதற்கப்புறம்தான் நினைவுக்கு வருகிறது. அடுத்து, நல்லவேளை எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, இந்த வறுமையில் அவள் என்ன செய்திருப்பாள் என்கிறான். அந்த நாயை அன்றைக்கே சுட்டுவிடுகிறார்கள். ஒரு தர்க்கத்தைக் கடைசி வரை கொண்டுபோகும் நாய்களுக்கும் தத்துவவாதிகளுக்கும் நேரும் கதி என்று ஹார்டி ஒரு வரி போடுகிறார். இந்த மனிதரின் குரல் எப்படிப்பட்டது என்பது அந்த வரியில் இருக்கிறது. துக்க வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு ஒரு கிண்டல் சொல்லிவிட்டு, அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் பெரியப்பா மாதிரி.

ஆறாம் அத்தியாயத்தையும் சேர்த்துக்கொண்டால் நல்லது. பிப்ரவரி மாத ஆள்பிடிச் சந்தை. வண்டிக்காரன் தொப்பியில் சாட்டைக் கயிறு, கூரை வேய்பவன் தொப்பியில் வைக்கோல் பின்னல், மேய்ப்பன் கையில் வளைதடி என்று அடையாளத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். ஓக் காரியக்காரன் வேலைக்கு நிற்கிறான், மேய்ப்பனைத்தான் கேட்கிறார்கள். மேல்கோட்டைக் கொடுத்து மேய்ப்பன் அங்கியை மாற்றிக்கொண்டு, வளைதடியும் செய்து வாங்கி வந்து நிற்கிறான். இப்போது எல்லோரும் காரியக்காரனைத் தேடுகிறார்கள். கடைசியாக யார் பண்ணையில் இருந்தாய் என்று கேட்டால், "என் சொந்தப் பண்ணையில்" என்கிறான். காலரா என்று கேள்விப்பட்டவர்கள்போல நழுவிப் போகிறார்கள்.

படி 5: அகராதியைத் தூர வையுங்கள்

பத்துப் பன்னிரண்டு சொல் தெரிந்தால் போதும். யூ என்றால் பெண் செம்மறி. ராம், கிடா. வெதர், காயடித்த கிடா. ஹர்டில் என்பது கிடைக்குக் கட்டும் தட்டி. ரிக் என்பது போர். ஆனால் வெறும் வைக்கோல் போர் என்று நினைத்துவிடாதீர்கள், கதிர் அடிக்காமல் தானியத்தோடு அடுக்கிய போர். ஒரு ரிக் எரிந்தால் ஒரு வருஷச் சோறு எரிகிறது. பெய்லிஃப், பண்ணைக் காரியக்காரர். மற்றவை போகப் போகத் தானே விளங்கும்.

இன்னொன்று. ஹார்டியின் ஊரான டார்செட்டில் பகலெல்லாம் சுண்ணாம்பு மேட்டில் மேய்த்துவிட்டு, இரவில் வயலில் தட்டி கட்டி ஆடுகளை அடைப்பார்கள், எருவுக்காக. இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கீதாரிகள் கிடை போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. லண்டன்காரர்களுக்கு அடிக்குறிப்பு தேவைப்படும் சில இடங்களை நாம் சும்மா தாண்டிப் போய்விடலாம்.

படி 6: மால்ட் கொட்டகைக்கு வந்தால் வாய்விட்டு வாசியுங்கள்

பீர் காய்ச்சுவதற்காகப் பார்லியை முளைகட்டி உலர்த்தும் இடம் மால்ட் கொட்டகை. அடுப்புச் சூட்டுக்காக ஊர்க்காரர்கள் அங்கே கூடுவார்கள். நம் டீக்கடை பெஞ்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். 8ஆம் அத்தியாயம் முழுக்க அங்கேதான். கொச்சைப் பேச்சு, கதை நகராது என்று பலர் இதைத்தான் தாண்டிப் போகிறார்கள். அப்படிச் செய்தால் பாதிப் புத்தகம் போச்சு.

ஜோசப் பூர்கிராஸ் என்று ஒரு கூச்ச சுபாவி. ஒரு ராத்திரி குடித்துவிட்டுக் காட்டில் வழி தவறி, "ஆள் தொலைஞ்சு போச்சு, ஆள் தொலைஞ்சு போச்சு" என்று கத்திக்கொண்டு போகிறார். மரத்திலிருந்து ஆந்தை "ஹூ, ஹூ" என்கிறது. ஆங்கிலத்தில் 'ஹூ' என்றால் யார். நடுங்கிப் போய், "வெதர்பரி ஜோசப் பூர்கிராஸுங்க ஐயா" என்று பதில் சொல்லிவிட்டாராம். இதை எல்லோர் முன்னாலும் ஒருவன் சொல்லும்போது ஜோசப் துடித்து எழுந்து மறுக்கிறார். எதை மறுக்கிறார்? பதில் சொன்னதை இல்லை. "ஐயா" என்று நான் சொல்லவே இல்லை, சத்தியமாகச் சொல்லவில்லை!

அங்கேயே ஒரு கிழவர். கோடையில் டர்னிப் களையெடுத்த வருஷங்களைத் தனியாகவும், அதே வருஷங்களில் குளிர்காலத்தில் மால்ட் போட்டதைத் தனியாகவும் கூட்டித் தன் வயது 117 என்று நிரூபிக்கிறார். பிறகு வரும் ஒரு பையனின் பெயர் காயீன். அவன் அம்மாவுக்கு வேதம் சரியாகத் தெரியாது. ஆபேல்தான் காயீனைக் கொன்றான் என்று நினைத்து, பாவம் செத்தவன் பெயரை வைப்போம் என்று வைத்துவிட்டாள். பாதிரியார் திருத்துவதற்குள் ஞானஸ்நானம் முடிந்துவிட்டது. ஆங்கிலம் முழுதாகப் புரியாவிட்டாலும் உரக்கப் படியுங்கள். காதுக்குப் பிடிபடும். லிப்ரிவாக்ஸ் உதவுவது இங்கேதான்.

படி 7: பாத்ஷீபாவின் கையில் என்ன இருக்கிறது என்று கணக்குப் பாருங்கள்

தமிழ் வேதாகமத்தில் அவள் பெயர் பத்சேபாள். தாவீது மாடியிலிருந்து பார்த்த பெண். பெயரிலேயே, ஆண்களின் பார்வை படும் பெண் என்று குறித்துவிடுகிறார். ஆனால் இவள் நிலவுடைமைக்காரி இல்லை. குத்தகைப் பண்ணை. குத்தகைப் பணம் தவறினால் வெளியே. தானியம் திருடிய காரியக்காரனைத் துரத்திவிட்டு, இனி வேறு ஆள் வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பத்தாம் அத்தியாயத்தில் கூலி பட்டுவாடா செய்கிறாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன வேலை என்று கேட்டு, பணத்தை எண்ணி வைக்கிறாள். முதலாளி மிடுக்கும் உள்ளுக்குள் படபடப்பும் ஒன்றாக வரும் காட்சி. ஆண்கள் மட்டுமே இருக்கும் தானியச் சந்தைக்குப் போய், மாதிரித் தானியத்தைக் குறுகிய உள்ளங்கையில் கொட்டிக் காட்டி விலை பேசுகிறாள்.

அந்தச் சந்தையில் எல்லோரும் அவளைப் பார்க்கிறார்கள், ஒருவர் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரர் போல்ட்வுட், நாற்பதைத் தொட்ட கண்ணியவான். அது அவளை உறுத்துகிறது. காதலர் தினத்துக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, பொழுது போகாமல், இந்த வாழ்த்து அட்டையை யாருக்கு அனுப்பலாம் என்று பாட்டுப் புத்தகத்தைச் சுண்டிப் பார்க்கிறாள். மூடி விழுந்தால் போல்ட்வுட். மூடித்தான் விழுகிறது. கைக்கு வந்த முத்திரையை அரக்கில் பதிக்கிறாள். பிறகு பார்த்தால் அதில் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்' என்றிருக்கிறது. சிரித்துக்கொண்டே அனுப்பிவிடுகிறாள். அந்தச் சிவப்பு அரக்கு, போல்ட்வுட்டின் கண்ணில் ரத்தப் பொட்டாக ஒட்டிக்கொள்கிறது. ஓக் முகத்துக்கு நேராகக் கண்டித்தது இந்த விளையாட்டைத்தான்.

சட்டம் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 1870-ல் இங்கிலாந்தில் மணமான பெண்ணுக்குச் சொத்தில் அரைகுறை உரிமை வந்தது. முழுதாக வந்தது 1882-ல்தான். இந்த நாவலில் அவள் யாரைக் கட்டிக்கொள்கிறாளோ, பண்ணைக் கணக்கும் அவன் கைக்குப் போகும். மூன்றாவது ஆள், சிவப்புச் சீருடைச் சார்ஜென்ட் ட்ராய், 28ஆம் அத்தியாயத்தில் பெரணிக்குழியில் அவளை அசையாமல் நிற்க வைத்து, மேனியில் படாமல் சுற்றிச் சுற்றி வாள் வீசிக் காட்டுகிறான். எல்லோரும் மயங்கும் காட்சி. எனக்கு அவள் குத்தகைப் பத்திரம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

படி 8: 29 முதல் 35 வரை பல்லைக் கடித்துக்கொண்டு

கதை இங்கே தொய்கிறது, மறைத்துப் பயனில்லை. யார் யாரைச் சந்தித்தார்கள், யார் பொய் சொன்னார்கள் என்றே போகும். வேலை குறைந்து பேச்சு கூடும் இடமும் இதுதான். வேகமாகப் படிக்கலாம். 33ஐ மட்டும் விட்டுவிடாதீர்கள். பாத் நகரத்திலிருந்து காயீன் பையன் முக்கியமான செய்தியோடு ஓடி வருகிறான். தின்றுகொண்டே வந்ததில் ரொட்டித் துணுக்கு தொண்டையில் மாட்டிக்கொள்கிறது. இருமல், தும்மல், நடுவில் அரைச் செய்தி, மறுபடி இருமல். கேட்டுக்கொண்டு நிற்கும் ஓக்கின் நெஞ்சு உடைகிறது. சிரிப்பதா வேண்டாமா என்று நமக்கே தெரியாது.

படி 9: 36, 37 - ராத்திரியில் வாசியுங்கள்

புத்தகத்தின் உச்சம் என்று நான் சொல்வது இதைத்தான். ஆகஸ்ட் கடைசி. அறுப்பு விருந்து. பண்ணைக்குப் புது எசமான் வந்துவிட்டான் (யார் என்று யூகித்துக்கொள்ளுங்கள்). மழை வராது என்கிறான். பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சைடரும் (ஆப்பிள் மது) ஏலும் (ஒரு வகை பீர்) குடித்துப் பழகிய ஆட்களுக்குப் பிராந்தியை ஊற்றிவிடுகிறான். வெளியே போர்கள் மூடாமல் நிற்கின்றன.

ஓக் வீட்டுக்குப் போகும் வழியில் காலில் ஒரு தேரை இடறுகிறது. வீட்டுக்குள் மேசையில் நத்தையின் பளபளப்பான தடம் போல ஒன்று. ஓடில்லாத நத்தை ஊர்ந்து வந்திருக்கிறது. கூரையிலிருந்து இரண்டு கறுப்புச் சிலந்திகள் இறங்குகின்றன. எதற்கும் ஆட்டைப் பார்த்துவிடுவோம் என்று போகிறான். எல்லாம் புதரைச் சுற்றி நெருக்கி நிற்கின்றன, வால்கள் எல்லாம் ஒரே திசையில், இடி வரப்போகும் பக்கம். அவன் தலை தெரிந்தும் ஒன்றும் நகரவில்லை. அவன் கூட்டிப் பார்க்கிறான்: ஊர்வனவற்றுக்கு நீண்ட குளிர்மழை வருவது தெரிகிறது, இடி தெரியவில்லை. ஆடுகளுக்கு இடி தெரிகிறது, பின்னால் வரும் மழை தெரியவில்லை. ஆக இரண்டும் வருகின்றன, முதலில் இடி.

களஞ்சியத்துக்கு ஓடினால் ஆண்கள் எல்லோரும் விழுந்து கிடக்கிறார்கள். நின்று மனக்கணக்குப் போடுகிறான். ஐந்து கோதுமைப் போர், 500 பவுன். மூன்று பார்லிப் போர், 250 பவுன். 750 பவுன் தானியம், தனக்குச் சொந்தமில்லாதது, தன்னை வேண்டாம் என்றவளுடையது. இதற்குப் பிறகு அவன் செய்வதை நான் விவரிக்கவில்லை. தார்ப்பாய், வேயும் கழிகள், குதிரைச் சங்கிலியில் அவசரத்துக்கு ஒரு இடிதாங்கி, பாதியில் வந்து சேரும் இன்னொரு ஆள். மின்னல் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஒரு ஓசை. மொத்தமும் ஒருவன் போர் மேலேறி வேய்வதுதான். காதல் என்ற சொல் அங்கே தேவைப்படவேயில்லை.

விடிந்த பிறகு, 38ஆம் அத்தியாயத்தில், மழையில் நனைந்துகொண்டு போல்ட்வுட் எதிரே வருகிறார். உங்கள் போரெல்லாம் பத்திரமா என்று ஓக் கேட்கிறான். மூட மறந்துவிட்டேன் என்கிறார். சில மாதத்துக்கு முன்பு இது மாலுமி தான் கப்பலில் இருப்பதை மறந்தான் என்பதுபோல இருந்திருக்கும் என்று ஹார்டி எழுதுகிறார். ஒரு விவசாயி போரை மறந்தான் என்றால் அவன் உள்ளே எவ்வளவு இடிந்திருப்பான்! அந்த அரக்கு முத்திரையின் விலை இங்கே தெரிகிறது.

படி 10: 40ஆம் அத்தியாயத்துக்கு முன் கொஞ்சம் இடைவெளி விடுங்கள்

பெயர் சொல்லப்படாத ஒரு பெண் காஸ்டர்பிரிட்ஜ் சாலையில் இரவில் நடக்கிறாள். நடக்க முடியவில்லை. கிளைகளை ஒடித்து ஊன்றுகோல் செய்துகொள்கிறாள். அதுவும் முடியாமல், தன்னையே ஏமாற்றுகிறாள்: ஐந்து கம்பம்தான், அதோடு முடிந்தது. ஐந்து கடந்ததும், இன்னும் ஐந்துதான். கடைசியில் எங்கிருந்தோ வந்த ஒரு பெரிய நாய், அவள் தோள் சாய்த்து ஊர்ந்து வர, ஏழைகள் விடுதியின் வாசல் வரை கொண்டுவந்து சேர்க்கிறது. 1834 சட்டத்துக்குப் பிறகு ஊர்கள் சேர்ந்து நடத்திய விடுதிகள் அவை; வேறு கதியே இல்லாதவர்கள்தான் அங்கே போவார்கள். உள்ளே தூக்கிப் போகிறார்கள். எனக்கு உதவி செய்த நாய் எங்கே என்று கேட்கிறாள். கல்லெறிந்து விரட்டிவிட்டேன் என்கிறான் ஒருவன்.

'கார்ன்ஹில்' ஆசிரியர் லெஸ்லி ஸ்டீஃபன் (வர்ஜீனியா உல்ஃபின் தகப்பனார்) இந்தப் பெண்ணின் கதையைக் கொஞ்சம் பட்டும் படாமலும் எழுதச் சொல்லி ஹார்டியைக் கேட்டுக்கொண்டார். குடும்பத்தினர் படிக்கும் பத்திரிகை. ஹார்டி வளைந்து கொடுத்தார். அந்த நெருக்கடியில்தான் சொல்லாமல் சொல்லும் கை வந்தது என்று நினைக்கிறேன். 43 வரை நிறுத்தாமல் போய்விடுங்கள்.

எரிச்சல் வரும் இடங்கள்

வரும், கட்டாயம் வரும். யாரோ தற்செயலாக அங்கே இருப்பார், கடிதம் தற்செயலாகக் கைமாறும். கிரேக்க, ரோமானியப் பெயர்களை அள்ளித் தெளிப்பார். கொத்தனார் மகனாகப் பிறந்து, கட்டடக் கலைஞர் ஒருவரிடம் பயிற்சிக்குப் போய், சொந்தமாகப் படித்து முன்னேறியவருக்கு அந்தக் காட்டிக்கொள்ளும் ஆசையை மன்னிக்கலாம். பெண்களே இப்படித்தான் என்று அவர் தீர்ப்புச் சொல்லும் வாக்கியங்களை எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை. ஆனால் அதே கை 51ஆம் அத்தியாயத்தில் பாத்ஷீபாவை இப்படிப் பேசவும் வைக்கிறது: ஆண்கள் தங்கள் உணர்ச்சியைச் சொல்வதற்காக உண்டாக்கிய மொழியில் ஒரு பெண் தன் உணர்ச்சியைச் சொல்வது கஷ்டம். ஆசிரியர் பெயரில்லாமல் தொடர் வந்தபோது, இதை ஜார்ஜ் எலியட் எழுதியிருப்பாரோ என்று ஒரு விமர்சகர் ஐயப்பட்டார். எலியட் ஒரு பெண் எழுத்தாளர்.

முடித்த பிறகு

வரைபடத்தில் தேட ஆசைப்பட்டால், வெதர்பரி என்பது டார்செட்டின் படில்டவுன், காஸ்டர்பிரிட்ஜ் என்பது டார்செஸ்டர். இந்த வட்டாரத்துக்கு 'வெஸெக்ஸ்' என்ற பழைய அரசின் பெயரை ஹார்டி முதன்முதலில் எடுத்து ஆண்டது இந்த நாவலில்தான். படம் பார்ப்பதானால் 1967-ல் வந்தது நிதானமானது, ஜூலி கிறிஸ்டி நடித்தது. 2015-ல் கேரி மல்லிகன் நடித்தது விறுவிறுப்பானது. இரண்டிலும் புல்வெளி அழகு. மால்ட் கொட்டகையை மட்டும் புத்தகம் அளவுக்கு எந்தப் படத்தாலும் கொடுக்க முடியவில்லை.

அக்கா மகள் அன்றைக்குப் பரீட்சையில் ஆட்டு உப்புசத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டு வந்தாள். நாவலை முழுதாக வாசித்தது வேலைக்குப் போய் இரண்டு வருஷம் கழித்துத்தான். ஒரு நாள் நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் கேட்டாள்: "மாமா, அந்த நாய் அப்புறம் எங்க போச்சு?" எழுந்து விளக்கைப் போட்டு 40ஆம் அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அடுத்ததையும் புரட்டினேன். எங்கேயும் இல்லை.